இந்தத் தொகை எப்படி வந்தது, சார்?

கரண்ட் பில் எப்படிப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரீடிங் எடுக்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டுப் போனதும், போன முறையைவிட எத்தனை யூனிட் கூட என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பீர்கள். கேஸ் சிலிண்டர் எவ்வளவு ஏறியது என்று தெரியும். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டால் தெருவே கேட்கிற மாதிரி நியாயம் பேசுவீர்கள். கத்திரிக்காய்க்காரம்மாவை விடவே மாட்டீர்கள்.

சரி. பீரோவைத் திறந்து சொத்து வரி ரசீதை எடுங்கள். அரையாண்டுக்கு ஒரு தொகை போட்டிருக்கும். 412 ரூபாயோ, 1,890 ரூபாயோ. இப்போது ஒரே ஒரு கேள்வி. இந்தத் தொகை எப்படி வந்தது?

தெரியாதுதானே? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இருபது வருஷமாக வரி கட்டுகிறேன், ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கொடைரோட்டில் என் மாமா ஒருத்தர் மஞ்சப்பையைத் திறந்து கொட்டின பிறகுதான் எனக்கே உறைத்தது.

கொடைரோட்டை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், ஆனால் அது ஒரு ஊர் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் ரயில் நிற்கும். ஸ்டேஷன் போர்டில் கொடைக்கானல் ரோடு என்று இருக்கும். இறங்கினதும் எல்லாரும் மலையைப் பார்ப்பார்கள். கொடைக்கானல் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர்! எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரின் பெயரைச் சுமக்கிற இந்த ஊருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அம்மையநாயக்கனூர். பேரூராட்சியின் பெயரும் அதுதான். நிலக்கோட்டை தாலுகா. சுற்றிலும் பூவும் திராட்சையும். எல்லாரும் கடந்து போகிற ஊர், தங்குகிறவர் குறைவு.

மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பணத்தில் கட்டின வீடு. போன தடவை போனபோது சாப்பாட்டுக்குப் பிறகு, "மாப்ள, இதப் பாருங்க" என்று மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே கட்டுக்கட்டாக வரி ரசீது, நூல் போட்டுக் கட்டி, வருஷவாரியாக. ஒரு அரையாண்டுகூட விட்டதில்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இதான் மாப்ள நம்ம வீட்டுக்கு ஆதாரம். பத்திரம் கரையான் அரிச்சாக்கூட இது போதும்."

போதாது மாமா, என்றேன். முதலில் இதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஒரு கட்டடம் இருக்கிறது, அதற்கு வரி கட்டுகிறவர் இவர் என்பதைத்தான் அது சொல்கிறது. உரிமைக்குப் பத்திரம், மூலப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். வரிப் பெயர் மாற்றம் செய்தாலே சொத்து வந்துவிட்டது என்று நினைத்து, பத்திரத்தைக் கவனிக்காமல் விட்டு, பிறகு அண்ணன் தம்பி கோர்ட்டில் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. வரி ரசீது ஒரு துணைச் சாட்சி. அவ்வளவுதான்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அதை மாற்றலாம் என்று நான் கேட்ட கேள்விதான் மேலே கேட்டது. "இந்தத் தொகை எப்படி வந்துச்சு மாமா?"

"எப்படின்னா? பில் கலெக்டர் சொல்வாரு. கட்டுவோம்."

"கணக்கு?"

"என்னத்த கணக்கு கேக்குறது மாப்ள? கூடப் போட்டுட்டாருன்னா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கேட்டால் கூடப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். தமிழ்நாட்டின் சொத்து வரி நிர்வாகமே இந்த ஒரு பயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பேன். வரி அதிகம் என்பது என் புகாரில்லை. வரி என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைக் கட்டுகிறவன் கண்ணில் காட்டாமல் வசூல் பண்ணுவது தப்பு. காட்டச் சொல்லிக் கேட்காமல் கட்டுவது அதைவிடத் தப்பு. என் சண்டை இதுதான்.

கணக்கு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. 1920-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம், உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு நியாயமாக என்ன வாடகை வரும் என்று பார்க்கச் சொன்னது. அதற்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று பெயர். நீங்கள் வாடகைக்கு விடாமல் சொந்தமாகவே குடியிருந்தாலும் இப்படி ஒரு கற்பனை வாடகை உண்டு. அதில் கட்டடம் தேய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் பத்து சதவீதம் கழிவு. மிச்சத்தில் ஒரு சதவீதம் வரி. கற்பனை வாடகை எதை வைத்து? தெரு எங்கே இருக்கிறது, எத்தனை சதுர அடி, காரை வீடா ஓட்டு வீடா, வீடா கடையா, சொந்தக் குடியிருப்பா வாடகையா, எத்தனை வருஷத்துக் கட்டடம். இவ்வளவுதான். எல்லாமே டேப்பை வைத்து அளக்கக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம்.

சென்னை மாநகராட்சி ரொம்பக் காலம் ஒரு எண் வைத்திருந்தது. மாத வாடகை மதிப்பை 10.92-ஆல் பெருக்கு, ஆண்டு மதிப்பு வந்துவிடும் என்று. பலர் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ கம்ப்யூட்டர் ரகசியம் என்று ஒதுங்கிவிட்டார்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்தானே, பதினொன்று கூட இல்லாமல் இது என்ன 10.92? பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். வாடகையில் நூற்றுக்குப் பத்து பங்கு நிலத்துக்கு, தொண்ணூறு பங்கு கட்டடத்துக்கு. நிலம் தேயாது, அதற்குக் கழிவில்லை. கட்டடம் தேயும், தொண்ணூறில் பத்து சதவீதம், அதாவது ஒன்பது போய்விட்டது. மிச்சம் 81. நிலத்தின் பத்தைச் சேர்த்தால் 91. பன்னிரண்டு மாதத்தை 0.91-ஆல் பெருக்கினால் 10.92. அவ்வளவுதான்! ஏழாங்கிளாஸ் கணக்கு. உதாரணத்துக்கு, 800 சதுர அடி, அடிக்கு மாதம் ஒரு ரூபாய் என்று வைத்தால் மாதம் 800, ஆண்டு மதிப்பு 8,736. இந்தக் கணக்கை ரசீதின் பின்பக்கம் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? ஆனால் அடிக்க மாட்டார்கள். அடித்தால் நீங்கள் கேள்வி கேட்பீர்கள்.

கற்பனை வாடகை பழைய வெள்ளைக்கார யோசனை, வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. டெல்லி 2004-லேயே காலனிகளை ஏ முதல் எச் வரை தரம் பிரித்து, சதுர மீட்டருக்கு இவ்வளவு மதிப்பு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. பெங்களூரு 2000-லேயே சுயமதிப்பீட்டைக் கொண்டுவந்தது. 2008 முதல் அங்கே பரப்பளவுக் கணக்கு. வீட்டுக்காரர் தானே பாரத்தை நிரப்பி, தானே கூட்டி, தானே கட்டலாம். பொய் சொன்னால் அபராதம். அங்கே ஊழலே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்குத் தன் கணக்கு தெரியும்.

கணக்கை எளிமையாக்குகிறேன் பேர்வழி என்று ரொம்ப எளிமையாக்கினாலும் ஆபத்துதான். கேரளா 1961-ல் கட்டட வரிச் சட்டம் ஒன்று போட்டது. சதுர அடியை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே என்று. கொச்சியில் கடைத்தெருவில் இருக்கிற கட்டடமும் காட்டுக்குள் இருக்கிற கட்டடமும் ஒரே பரப்பு என்றால் ஒரே வரி. 1968-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதும் பாரபட்சம்தான் என்பது அதன் சாரம். (இங்கிலாந்துக்காரன் கதை இன்னும் தமாஷ். 1696-லிருந்து 1851 வரை ஜன்னலை எண்ணி வரி போட்டான். வீட்டுக்குள் நுழைய வேண்டாம், தெருவில் நின்றே எண்ணலாமே! ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். நாம் மட்டும் என்ன? மாடியில் தகரக் கூரை போட்டு மூன்று ரூம் கட்டிவிட்டு, அதிகாரி வந்தால் "சும்மா துணி காயப்போட சார்" என்கிறோம்.)

இப்போது 2022-க்கு வருவோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

தமிழ்நாட்டில் 1998-ல் ஒரு பொதுச் சீராய்வு நடந்தது. சென்னை தவிர மற்ற நகரங்களில் 2008-ல் இன்னொன்று. சென்னையில் அதுவும் இல்லை, இருபது வருஷம் அப்படியே தூங்கியது. 2018 ஜூலையில் திடீரென்று முழிப்பு வந்தது. குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, மற்றதற்கு 100 சதவீதம் வரை ஏற்று என்று உத்தரவு. அப்போது எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தலே நடத்தவில்லை. தனி அலுவலர் ராஜ்யம். வரியை யாரிடம் கேட்பது? 2019 நவம்பரில், ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நிற்கிறபோது, உயர்வை நிறுத்தி வைக்கிறோம், குழு போடுகிறோம், கட்டின பணத்தை அடுத்த வரியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். ஏப்ரல் 1-ல் உயர்வு அறிவிப்பு!

ஓட்டுக்கு முன்னால் நிறுத்தம், ஓட்டுக்குப் பின்னால் ஏற்றம். வாடகை மதிப்பைப் பார்த்துப் போட வேண்டிய வரியைக் காலண்டரைப் பார்த்துப் போட்டார்கள். 2018-ல் தி.மு.க. தெருவில் நின்று கண்டித்தது. 2022-ல் அ.தி.மு.க. தெருவில் நின்று கண்டித்தது. இரண்டு பேர் பிடித்த பதாகையிலும் கணக்கு இல்லை. மைக் மட்டும் கை மாறியது.

பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை போட்டது, குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்காவிட்டால் மத்திய மானியம் கிடைக்காது என்பது அரசின் விளக்கம். அது உண்மைதான். வருஷக்கணக்கில் ஏற்றாமல் விட்டால் ஒரு நாள் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் உண்மை. என் கேள்வி, எப்படி ஏற்றினார்கள் என்பது. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம். 601 முதல் 1,200 வரை 50. 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது, சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். ஆனால் எதன் மேல் இந்தச் சதவீதம்? ஏற்கெனவே நீங்கள் கட்டிக்கொண்டிருந்த வரியின் மேல்.

இங்கேதான் விஷமே இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே மாதிரி, ஆயிரம் சதுர அடியில் இரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் அந்தக் காலத்தில் பில் கலெக்டரைக் 'கவனித்து' 600 ரூபாயில் முடித்துக்கொண்டார். இன்னொருத்தர் நேர்மையாக 1,000 ரூபாய் கட்டுகிறார். ஐம்பது சதவீதம் ஏற்றினால்? முதல் ஆள் 900. இரண்டாவது ஆள் 1,500. முன்பு நேர்மைக்கு அபராதம் 400 ரூபாய். இப்போது 600. அரசாங்கமே பழைய திருட்டுக்கு வட்டி போட்டுக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு வீட்டையும் புதிதாக அளந்து, கணக்கைப் புதிதாகப் போட்டிருந்தால் இது வந்திருக்காது. அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும், முக்கியமாகத் தைரியம் வேண்டும். அளந்தால் பெரிய இடத்து மாடிகள் எல்லாம் வெளியே வருமே! சதவீதத்தால் பெருக்குவது சுலபம். அதற்கு ஒரு அரசாணை போதும்.

2024-ல் 6 சதவீத உயர்வு வந்ததே, சென்னை மாநகராட்சி செப்டம்பரில் தீர்மானம் போட்டதே, அதுவும் இந்தக் கோணல் அஸ்திவாரத்தின் மேல்தான்.

'கவனித்து' என்று எழுதிவிட்டேன். அதைப் பற்றி நாம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம். ஒரு ஊர், பெயர் வேண்டாம். என் நண்பர் மாடி கட்டினார். கீழே மளிகைக்கடைக்கு வாடகைக்கு விட்டார். அளக்க வந்தவரிடம் டீயைக் கொடுத்துவிட்டு நண்பர்தான் முதலில் பேச்சை ஆரம்பித்தார், நான் பக்கத்தில் இருந்தேன். "பாத்துப் போடுங்க சார்." இந்த மூன்று வார்த்தை! தமிழில் லஞ்சத்துக்கு இதைவிட மரியாதையான அழைப்பிதழ் கிடையாது. கடை வீடாகிவிட்டது. மாடி பாதியாகிவிட்டது. கவர் கை மாறியது. அன்றைக்குச் சாயங்காலமே அதே நண்பர் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு நகராட்சியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதையும் நான்தான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கணக்கு வெளியே தெரியாத வரைக்கும் இந்த மூன்று வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அளக்க வருகிறவரிடம் பேரம் பேச இடம் இருக்கிறது என்பதே, கணக்கு உங்களுக்குத் தெரியாது என்பதால்தான். கரண்ட் மீட்டரிடம் யாராவது பாத்துப் போடுங்க என்று சொல்கிறோமா?

ஊருக்கு இந்த வரி எவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள மறுபடி கொடைரோட்டுக்கே போக வேண்டும். ஊரை ஒட்டி நான்குவழிச் சாலை. அங்கே ஒரு சுங்கச்சாவடி. ராத்திரி பகல் என்று வண்டிகள் கட்டணம் கட்டிவிட்டுப் போகின்றன. அந்த வசூல் நெடுஞ்சாலைக் கணக்கு. பேரூராட்சியின் தெருவிளக்குக்கு அதில் பங்கு கிடையாது. ரயில் நிற்கிறது, டிக்கெட் பணம் ரயில்வேக்கு. அப்படியென்றால் ஸ்டேஷன் கட்டடத்துக்காவது சொத்து வரி வருமே என்றால், அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடக் கூடாது. நாடு முழுக்க இதற்காக உள்ளாட்சிகள் சண்டை போட்டு, 2009-ல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சமரசம் வந்தது. வரி கிடையாது, ஆனால் சேவைக் கட்டணம் உண்டு. தண்ணீர், குப்பை, விளக்கு என்று எல்லாச் சேவையும் வாங்கினால் வரியில் 75 சதவீதம். கொஞ்சம் வாங்கினால் 50. ஒன்றுமே வாங்காவிட்டாலும் 33 சொச்சம். உங்கள் ஊரிலும் ரயில் நிலையமோ தபால் நிலையமோ இருந்தால், இந்தச் சேவைக் கட்டணம் கேட்கப்பட்டதா, வந்ததா என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அவருக்கே புதுச் செய்தியாக இருக்கலாம்.

ஆக, கடந்து போகிறவர்கள் காசு எல்லாம் வேறு எங்கோ போகிறது. ஊரின் சொந்த வருமானம் என்று பார்த்தால் பெரும்பங்கு மாமா மாதிரி ஆட்கள் மஞ்சப்பையில் கட்டி வைத்திருக்கிற ரசீதுதான். குடிநீர்க் கட்டணமும் தொழில் வரியும் கடை வாடகையும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. மிச்சத்துக்கெல்லாம் சென்னையைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தபோது, நகராட்சி என்பது இனி மூன்றாவது அரசாங்கம் என்றார்கள். வரியை ஏற்றலாமா இறக்கலாமா என்பதைக்கூடக் கோட்டையில் தீர்மானித்துவிட்டு, நீ ஒரு தீர்மானம் போட்டுக் கையெழுத்துப் போடு என்று அனுப்பினால் அது என்ன அரசாங்கம்?

இன்னொன்று. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்றும் கட்டுகிறீர்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. எஸ்.ஆர்.ரங்கநாதன் கனவு, கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதை நிறைவேற்றினார். அந்தப் பத்துப் பைசாவை உள்ளாட்சி வசூலித்து நூலகத்துறைக்குக் கொடுக்க வேண்டும். அது நூலகத்துக்கென்று நீங்கள் கொடுத்த பணம், உள்ளாட்சி சும்மா கைமாற்றிவிட வேண்டியது. பல இடங்களில் இது பாக்கியாக நிற்கிறது என்பது பழைய செய்தி, அடிக்கடி வருகிற செய்தி. மாமா நூலகத்துக்குள் நுழைந்தே பல வருஷம் ஆகிறது. ஆனால் வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கிறார். "அப்ப நாளைக்கே போயி பேப்பர் படிக்கிறேன், குடுத்த காசுக்கு" என்றார். போனாரா என்று தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு நல்ல செய்தி. 1920 சட்டம் ஒருவழியாக ஓய்வு பெற்றுவிட்டது. அதன் இடத்தில் 1998-லேயே எழுதி, கிடப்பில் போட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் அமலுக்கு வந்தது. (எழுதினதற்கும் அமலுக்கும் நடுவில் கால் நூற்றாண்டு. குழந்தை பிறந்து, படித்து, வேலைக்கே போயிருக்கும்.) ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. வீட்டிலிருந்தே கட்டலாம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆன்லைனில் வேகமாகக் கட்ட முடிவதற்கும், எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிவதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே, வரி விதிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் கமிஷனர். என் வீட்டுக்கு எத்தனை சதுர அடி பதிவாகியிருக்கிறது, எந்த வகைக் கட்டடமாக, என்ன பயன்பாட்டில், சதுர அடிக்கு என்ன மதிப்பில், என்ன கழிவு கொடுத்து இந்தத் தொகை வந்தது? எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்க மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பக்கத்து வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரி மாற்றம் என்று நோட்டீஸ் வந்தால், அதில் போட்டிருக்கிற நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். நாள் தாண்டிவிட்டு டீக்கடையில் பேசுவதில் பிரயோஜனமில்லை.

கேட்டால் கூடப் போட்டுவிடுவார்களோ? போடலாம். உங்கள் வீட்டில் மறைத்த மாடி இருந்தால் கண்டிப்பாகக் கூடும். கூட வேண்டியதுதான்! அந்தப் பயத்தில் கேட்காமல் இருப்பவர்கள் இந்தக் கட்டுரைக்கு வெளியே போய்விடலாம்.

மாமா வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்குச் சாயங்காலமே டேப்பை எடுத்தோம். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. அத்தை சமையலறையை விட்டு நகரவில்லை, அவரைச் சுற்றியே அளந்தோம். வெளிச்சுவரோடு சேர்த்து 1,160 சதுர அடி வந்தது. மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் மாமா கேட்டார், பதிவைக் காட்டினார்கள். 1,240.

எண்பது அடி எங்கே போனது? மாமா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். வாசல் பக்கம் பத்துக்கு எட்டில் ஒரு கொட்டகை இருந்தது, ஒரு டெய்லர் மிஷின் போட்டிருந்தார். அவர் காலி பண்ணின பிறகு, 2011-ல், மாமாவே ஆள் வைத்துப் பிரித்துப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தப்பு அலுவலகத்தின் மேல் இல்லை, இடித்ததைச் சொல்ல வேண்டியவர் மாமாதான். ஆனால் 1,240 என்பதால் 2022-ல் அவருக்கு 75 சதவீதம் ஏறியது. 1,160 என்றால் 50-தான் ஏறியிருக்கும். முன்பு அரையாண்டுக்கு 520 கட்டினார். 780 ஆக வேண்டியது 910 ஆகிவிட்டது. வருஷத்துக்கு 260 ரூபாய், இல்லாத கொட்டகைக்கு.

"இருநூத்தி அறுவது ரூவாதான மாப்ள, விடுங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் வீட்டின் வரைபடத்தை ஸ்கேல் வைத்துப் போட்டு, கொட்டகை இருந்த இடத்தில் குறுக்குக் கோடு இழுத்து, மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். பார்வையிட வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்றைக்கு வருவார்கள் என்று தெரியாததால் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். போன வாரம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம், நெருங்கின சொந்தம், போகவில்லை. அத்தை தனியாகப் போய்விட்டு வந்து, என்னிடம் போனில், "டேப்ப எதுக்குத்தான் எடுத்துக் குடுத்தீங்களோ தம்பி" என்றார்.